காலால் துணி இழுப்பவருக்கு ஒரு மெஷின்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் சிமெண்டுத் தரையில் குந்தி, ஒரு மனிதரின் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு போர்வையின் ஓரம் சிக்கியிருந்தது. போர்வையின் இன்னொரு பக்கம் தையல் மெஷினின் ஊசிக்கு அடியில். மெஷின் தன் வேகத்தில் துணியைப் பின்னால் தள்ளியது. அவருடைய கால் தன் வேகத்தில் அதை இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஊசி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. டக்கென்று ஒரு சத்தம். ஊசி முனை தெறித்துச் சுவரோரம் விழுந்தது.

"பாத்தியா பாப்பா, இதத்தான் பண்ணிகினு கீது," என்றார் அவர், மெஷினைக் காட்டி.

மெஷினைப் பழுது பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தக் காலுக்கு ஏற்ற மெஷின் எது என்று தேடினால் என்ன? அதுதான் யோசனை. கேட்க எளிதாக இருக்கிறது. அதற்குப் பிறகு பட்ட பாடு தனி.

இதை எழுதச் சொன்னது, செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த தையல் மெஷின் கடையில் இப்போது டெமோ நாற்காலியில் உட்காரும் இரண்டு பெண்கள். நான் கடையை விட்டு வந்த பிறகும் அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "அக்கா, கில்ட் போர்வை தைக்கணும், ஆனா விலை கம்மியா இருக்கணும்னு கேக்குறாங்க. எதைக் காட்டட்டும்?" ஒற்றை வரியில் மாடல் பெயரைச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால்தான் இந்த நீளம். கடையை விட்ட அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முப்பது வயதில் ஓய்வுச் சால்வை வாங்கியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதலாம் என்றால் எனக்கும் தகுதி வந்துவிட்டது.

படிப்பு, பயிற்சி எல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகு ஒரு தொழிற்சாலையில் ஒரே போல்ட்டை ஒரே இடத்தில் முறுக்கும் வேலை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கைகூட நிற்காது என்று அங்கேதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கடையில் சர்வீஸுக்கு ஆள் வேண்டும் என்று பலகை பார்த்து இறங்கிவிட்டேன். முதல் மாதங்கள் முழுக்கப் பஞ்சுத் தூசி. மெஷினின் வயிற்றைத் திறந்து தூசியை பிரஷ்ஷால் எடுப்பதும் எண்ணெய் விடுவதும்தான். அதன் பிறகு சர்வீஸும் விற்பனையும் இரண்டும் என் தலையில்.

கடைக்கு முதலாளி வேறொருவர். ஆனால் கடையை நடத்தியது சகாயமேரி அக்கா. திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர். அவர் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் பத்தாவது முடித்துத் தையல் கற்று, எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகி, பிறகு இங்கே வந்தவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் டேப் மாலை மாதிரி கிடக்கும். அளவெடுக்க அதை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி எப்போதும் பளிச்சென்றிருக்கும்.

எந்தக் கஸ்டமர் வந்தாலும் மேரி அக்கா கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. "துணி கொண்டாந்தியா?" என்பதுதான். கையில் போனை நீட்டி, "இந்த வீடியோல வர்ற மெஷின் இருக்கா?" என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களிடமும் அதே கேள்விதான். கொண்டு வரவில்லை என்றால், "போய் எடுத்துகினு வா. நீ தைக்கப்போற துணிய, கடைத் துணிய இல்ல," என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வந்தவர்கள் வாங்கிய பிறகு சண்டைக்கு வரமாட்டார்கள்.

மற்ற கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். கஞ்சி போட்ட புதுத் துணியை மடித்து மடித்துத் தடியாக்கி, மெஷின் அதில் ஓட்டை போட்டு ஓடுவதைக் காட்டுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். கில்ட் தைக்கிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த பக்கம், நடுவே பஞ்சு விரிப்பு, கீழே முழுத் துணி. பெரும்பாலான மெஷின்கள் இதைக் குத்தித் துளைத்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மெஷினின் அடியில் இருக்கும் பற்கள் கீழ்த் துணியை மட்டும்தான் பிடித்துத் தள்ளும். மேலே அழுத்தும் பாதம் மேல் துணியைப் பிடித்து நிறுத்தும். ஆகவே கீழ் அடுக்கு முந்திப் போகும், மேல் அடுக்கு பின்தங்கும். வரிசை முடியும்போது மேல் துணி விரல் அளவு மிஞ்சி நிற்கும். அந்த மிச்சம் சுருக்கமாக விழும். போர்வை கசங்கிய முகம் மாதிரி ஆகிவிடும்.

மேரி அக்காவின் சோதனை இப்படிப் போகும். கஸ்டமரின் துணியிலேயே ஒரே நீளத்துக்கு இரண்டு பட்டைகள் வெட்டுவார். நடுவே பஞ்சு வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தைக்கச் சொல்வார். தைக்க வேண்டியது நாங்கள் இல்லை, வாங்குகிறவர். முடிவில் இரண்டு பட்டையும் சரியாக வந்து நின்றதா என்று பார்ப்பார். நிற்கவில்லை என்றால் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாத மெஷின் ஓரங்கட்டப்படும். பிறகு மேல் துணியையும் சேர்த்துத் தள்ளும் வாக்கிங் ஃபுட் அந்த மெஷினில் மாட்ட முடியுமா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஒரு முழுப் போர்வையைச் சுருட்டி, ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழைக்கச் சொல்வார். அங்கேதான் பல பேருக்கு முகம் மாறும். விளம்பரத்தில் இருநூறு வகைத் தையல் இருக்கும். போர்வை நுழைய இடம் இருக்காது.

கடைசியாகத் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். "முன்பக்கம் அவங்களுக்கு, பின்பக்கம் நமக்கு," என்பார். அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம்.

இந்தச் சோதனையில் தேறிய மெஷினைத்தான் அஞ்சலை அக்காவுக்குக் கொடுத்தோம்.

அஞ்சலை அக்கா திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருப்பவர். காலையில் மீன் கூடையுடன் பஸ் ஏறிக் கேளம்பாக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போவார். ஈ.சி.ஆரில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கப் புதிதாக வந்த ஒரு ஹோம்ஸ்டேவுக்கும் மீன் கொடுப்பார். அந்த ஹோம்ஸ்டே அம்மா ஒருநாள் இவர் கூடைக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்திருக்கிறார். கையால் தைத்தது. நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் விரித்துப் பார்த்துவிட்டு, அறைகளுக்கு இதே மாதிரி வேண்டும், மார்கழிக் கூட்டத்துக்கு முன்னால் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கையால் தைத்தால் அடுத்த மார்கழி ஆகிவிடும். அதனால்தான் மெஷின்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அஞ்சலை அக்காவின் கணவர் ஏகாம்பரம் அண்ணன் படகில் தோள் பிசகிப்போய்க் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலை பின்னுவார், கிழிசல் முடிவார். அது நிரந்தர வேலை இல்லை. அஞ்சலை அக்காவின் தம்பி கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இவருக்குச் செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருந்தார். பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும். போர்வை ஓடினால் வீட்டிலேயே இருக்கலாம், ஓடாவிட்டால் தொப்பி மாட்டிக்கொண்டு கேட்டில் உட்கார வேண்டும் என்பது கணவன் மனைவி இருவருக்கும் நடுவே இருந்த பேச்சு.

"அவரு கடலப் பாக்காம ஒக்காந்தா பேஜாராயிடுவாரு மேடம்," என்று அஞ்சலை அக்கா மேரி அக்காவிடம் சொன்னார். "கேட்டாண்ட ஒக்காந்து வர்றவன் போறவன் வண்டி நம்பர எழுதிகினு இருக்க முடியுமா அவரால?"

இதை அவர் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. போர்வை தைப்பது அஞ்சலை அக்கா என்றால் வீட்டில் இருக்க வேண்டியவர் அவர்தானே, கணவர் எதற்கு? பேச்சு அப்படியே மெஷினுக்குப் போய்விட்டது.

அஞ்சலை அக்கா தைத்தார். பட்டைகள் அழகாக வந்து சேர்ந்தன. சின்ன மெஷின், எலக்ட்ரானிக், எடை குறைவு, அழுத்தத் திருகு உண்டு, வாக்கிங் ஃபுட் மாட்டலாம். விலையும் கைக்கு எட்டியது. பொட்டலம் கட்டிக் கொடுத்தோம்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். "இன்னாம்மா மெஷினு இது. ஊசி ஒடைஞ்சிகினே கீது."

ஊசி மாற்றிக் கொடுத்தேன். தடித்த ஊசி. கடையில் உட்கார்ந்து தைத்தார், ஒரு குறையும் இல்லை. மறுபடி வந்தார். நூல் தாவுகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது. உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கி ஊசி இறங்கும் நேரத்துக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தேன். கடையில் சரியாகத் தைத்தது. மூன்றாம் முறை வந்தபோது அஞ்சலை அக்கா மெஷினை மேஜை மேல் தொப்பென்று வைத்தார்.

"நீங்க இங்க ஓட்னா ஓடுது. வூட்டுக்குப் போனா முரண்டு பண்ணுது. கடல் காத்து புடிக்கலியா இதுக்கு?"

மேரி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெஷினின் ஊசித் தகட்டைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஊசி இறங்கும் துளைக்குப் பின்னால், எப்போதும் பின்னால் மட்டும், சின்னச் சின்னக் குத்துக் காயங்கள். ஊசி நேராக இறங்காமல் பின்பக்கம் வளைந்து தகட்டில் குத்தியிருக்கிறது. துணியை யாரோ பின்னாலிருந்து இழுத்தால்தான் ஊசி அப்படி வளையும்.

"யாரும்மா தைக்கிறது?" என்றார் மேரி அக்கா.

"நான்தான்."

"நீ இழுக்கலியே. போன தடவ இங்க தைச்சப்பகூடப் பார்த்தேனே."

"நான்தான் மேடம்." அஞ்சலை அக்கா தகட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

மேரி அக்கா தகட்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். அஞ்சலை அக்கா போனதும் என்னிடம், "நாளைக்கு அவங்க வூட்டுக்குப் போய்ட்டு வா. முன்னாடியே போன் பண்ணாத," என்றார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே. நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலை அக்கா வியாபாரத்துக்குப் போயிருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். ஏகாம்பரம் அண்ணன் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஒரு தாழ்ந்த மணைமேல் இருந்தது. இடது காலை மெஷினைத் தாண்டி நீட்டி, விரல் இடுக்கில் போர்வையைக் கவ்வியிருந்தார். வலது முழங்கால் பெடலை அழுத்தியது. ஆரம்பத்தில் சொன்ன காட்சி அதுதான்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து ஓட முயலவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அவதான் யாராண்டயும் சொல்லாதன்னா," என்றார். "ஊர்ல சிரிப்பானுங்களாம். இப்ப மட்டும் சிரிக்காமலா கீறானுங்க."

அதற்கு ஏற்ற மாதிரி பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பெயர் தனபால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, டீச்சர் வந்துகீறாங்களா? அப்டியே எனக்கு ஒரு ஜாக்கெட் கத்துக்க. அளவு வேணா இப்பவே எட்த்துக்க."

"உன் ஒடம்புக்குத் துணி பத்தாது மச்சான். பாய்மரம்தான் வாங்கியாரணும்," என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

துணியை இழுக்காதீர்கள் என்று சொன்னேன். பற்களே தள்ளும், நாம் வழிகாட்டினால் போதும் என்று சொன்னேன். தலையாட்டினார். காலை மடக்கி வைத்துக்கொண்டு தைத்தார். ஒரு வரிசை போனது. இரண்டாவது வரிசையின் பாதியில் கால் தானாக நீண்டது. மடக்கச் சொன்னேன். மடக்கினார். இப்போது இடது கை மெஷினைச் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து இழுத்தது. டக்.

"நா இன்னா பண்றது பாப்பா. தொளதொளன்னு கெடந்தா கை ஓடல."

மூலையில் ஒரு பாதி முடிந்த வலை கிடந்தது. அதை எப்படி முடிவீர்கள் என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். காலை நீட்டி, வலைக் கண்ணைக் கட்டைவிரலில் மாட்டி, விறைப்பாக இழுத்துக்கொண்டு, நூல் சுற்றிய மூங்கில் ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து முடிச்சைப் போட்டார். இழுவை இல்லாமல் முடிச்சு இறுகாது. சின்ன வயதிலிருந்து இந்தக் கால் இதைச் செய்து வந்திருக்கிறது. நான் ஒரு பகலில் அதை நிறுத்தச் சொல்கிறேன்.

விறைப்பாக இருந்தால்தான் இவர் கை ஓடும். விறைப்பாக இழுத்தால் இந்த மெஷினில் ஊசி உடையும். அப்படியென்றால் துணியைத் தள்ளாத மெஷின் வேண்டும். பற்கள் வேலை செய்யாத மெஷின். துணி ஒரு வளையத்தில் விறைப்பாக நிற்க, அதை அவரே இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். எம்பிராய்டரி போடுகிற டெய்லர்கள் செய்வது அதுதான். அவர்கள் பூ போடுகிறார்கள். இவர் மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பார். இழுக்கலாம், தள்ளலாம், சுற்றலாம். மெஷினோடு போட்டி கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போது இருப்பே கொள்ளவில்லை எனக்கு. கடைக்குள் நுழைந்ததும் கொட்டிவிட்டேன்.

மேரி அக்கா கேட்டுவிட்டு, "ஒரு மெஷின வித்துட்டு, அது சரியில்லன்னு இன்னொண்ண விக்கலாங்கிற," என்றார்.

"விக்க வேணாம்க்கா. பின்னாடி குடோன்ல பழைய கறுப்பு மெஷின் அடுக்கி வச்சிருக்கோமே, எக்ஸ்சேஞ்சில வந்தது. அதுல ஒண்ணு."

"கறுப்பு மெஷின்ல கில்ட்டா? முதலாளி என்னையும் சேத்து எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுவாரு."

ஆனால் குடோன் சாவியை எடுத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

இந்தப் பகுதியை அந்த இரண்டு பெண்களும் கவனமாகப் படிக்க வேண்டும். கறுப்பு மெஷினில் நேர்த் தையல் மட்டும்தான். காலால் மிதிப்பது, முழு இரும்பு. பற்களை மூட ஒரு தகடு போட்டோம். தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தோம். வழக்கமான பாதத்தைக் கழற்றிவிட்டு, ஊசியோடு சேர்ந்து எழும்பி இறங்கும் ஸ்பிரிங் பாதத்தை மாட்டினோம். துணி நகரும்போது அது விலகிக்கொள்ளும், ஊசி இறங்கும்போது அழுத்திக்கொள்ளும். பாதத்தை இறக்கும் கம்பியைத் தைக்கத் தொடங்கும் முன் இறக்கியே ஆக வேண்டும். துணி தளர்வாக நகர்வதால் அது இறங்கியிருக்கிறதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. இறக்க மறந்தால் மேல் நூலுக்கு இழுவை கிடைக்காது, அடிப்பக்கம் நூல் குருவிக்கூடு மாதிரி சுற்றிக்கொள்ளும். முதல் தையலைக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, அடி நூலை மேலே கொண்டு வந்துவிட வேண்டும். மேரி அக்கா இதையெல்லாம் ஒரு தடவைதான் செய்தார். நான் தப்பாகச் செய்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

வளையம்தான் சிக்கல். கடையில் இருந்த மர வளையங்கள் ஒற்றைத் துணிக்கு. மூன்று அடுக்கை வைத்து இறுக்கினால் திருகு பிய்த்துக்கொண்டது. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைக்குப் பெட்டி செய்யும் தச்சரிடம் போய், அகலமாக, தடிப்பாக ஒன்று செய்து வாங்கினேன். அவர், "இதுல மாவு சலிக்கப்போறியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மெஷினைத் திருவிடந்தைக்கு மினி வேனில் கொண்டுபோய் இறக்கியபோது அஞ்சலை அக்கா வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"சொல்ட்டியா?" என்றார் கணவரிடம்.

"நா எங்க சொன்னேன். காலு சொல்லிச்சு."

"உன் காலயும் வாயயும் வச்சிகினு." பிறகு என்னிடம், "எல்லாரும் கறுப்பு மெஷின வூட்ட வுட்டுத் தூக்கிப் போட்றாங்க. நீ ஏன்மா எங்க வூட்டுக்கு எட்த்துகினு வர்ற?" என்றார். "இதுவும் ஒடஞ்சா நேரா அவர கேளம்பாக்கத்துல கொண்டு வுட்டுட்டு வந்துடு. சாவி, விசிலு எல்லாம் ரெடியா கீது."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. மார்கழிக்கு அதிக நாள் இல்லை.

முதல் நாள் நன்றாகப் போகவில்லை. ஏகாம்பரம் அண்ணன் தரையில் உட்காரும் ஆள், இது ஸ்டூலில் உட்கார்ந்து மிதிக்கும் மெஷின். கால் வேகமாக மிதிக்க, கை மெல்ல நகர, தையல் புள்ளி புள்ளியாக ஒரே இடத்தில் குவிந்தது. பிறகு கை ஓட, கால் நிற்க, தையல் தாவித் தாவி விழுந்தது. நூல் அறுந்தது. பாதக் கம்பியை இறக்க மறந்தார், குருவிக்கூடு. மறுபடி மறந்தார், மறுபடி கூடு. தனபால் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஊசி மட்டும் உடையவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

நான் அடுத்த ஞாயிறு போனபோது வளையத்துக்குள் இருந்த துணியில் வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத ஒரு கோலம் ஓடியிருந்தது. வலைக் கண் மாதிரி, ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் போகும் கோணல் கட்டங்கள். அளவு சமமாக இல்லை. ஆனால் துணியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வளையம் மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்திருந்ததால் எதுவும் முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.

"நேர்கோடு வர மாட்டேங்குது," என்றார் அண்ணன்.

"அந்தம்மா பாத்த சாம்பிள் நேர்கோடுதான்," என்றார் அஞ்சலை அக்கா. "அந்தம்மா இன்னா சொல்லுமோ."

முதல் போர்வைகளை எடுத்துக்கொண்டு நானும் அஞ்சலை அக்காவும் ஹோம்ஸ்டேவுக்குப் போனோம். அண்ணன் வரவில்லை. அந்த அம்மா வரவேற்பறை சோஃபாவில் விரித்தார். கையால் தடவினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"இது நீங்க காட்டுனது மாதிரி இல்லையே."

"அது கையில தைச்சதும்மா. இது மெஷினு," என்றார் அஞ்சலை அக்கா.

"யார் தைச்சது?"

அஞ்சலை அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சற்று நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துப் பிரித்தார். "எங்க வூட்டுக்காரு," என்றார். "வலை முடியறவரு."

அந்த அம்மா மறுபடி குனிந்து பார்த்தார். ஒற்றைக் கட்டிலுக்கானவை எல்லாம் வேண்டும் என்றார். பிறகு, இரட்டைக் கட்டிலுக்கு எப்போது என்று கேட்டார். அறைகளில் பெரும்பாலும் இரட்டைக் கட்டில்தான். அதுதான் உண்மையான ஆர்டர்.

அங்கேதான் நின்றோம். ஒற்றைக் கட்டில் போர்வைகள் மார்கழிக்குள் போய்ச் சேர்ந்தன. இரட்டைப் போர்வையை ஏகாம்பரம் அண்ணன் முயன்று பார்த்தார். ஓரங்களில் ஓடியது. நடுப்பகுதிக்கு வரும்போது, மிச்சத் துணி முழுவதையும் சுருட்டி மெஷினின் கழுத்துக்குள் திணிக்க வேண்டியிருந்தது. சுருட்டல் உள்ளே போய் இறுகியது, வளையம் திரும்பவில்லை, தோள் வலி வந்துவிட்டது. மேரி அக்காவின் பழைய சோதனை, கழுத்து இடைவெளி. கறுப்பு மெஷினாக இருந்தாலும் எலக்ட்ரானிக்காக இருந்தாலும் இரட்டைப் போர்வைக்கு அதில் தேறாது. பெரிய கழுத்து மெஷின் இருக்கிறது, சட்டத்தில் துணியைக் கட்டி மேலே மெஷினையே ஓட்டும் பெரிய வகையும் இருக்கிறது. அவற்றின் விலையைச் சொன்னால் அஞ்சலை அக்கா என்னையும் செக்யூரிட்டி வேலைக்கு அனுப்பிவிடுவார்.

அடுத்த மார்கழி வரை பொறுத்துக்கொள்வதாக ஹோம்ஸ்டே அம்மா சொல்லியிருக்கிறார். பொங்கல் கழிந்தது. அஞ்சலை அக்காவின் தம்பி வந்து கேட்டபோது ஏகாம்பரம் அண்ணன் வளையத்திலிருந்து தலையைத் தூக்காமல், "விசில வேற யாருக்காச்சும் குடுத்துடு," என்றாராம். இரட்டைப் போர்வை வராவிட்டால் அந்தப் பேச்சு திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கடையை விட்டது அதனால்தான். பகலெல்லாம் ஒரே டெமோ, மாலையில் இந்த இரட்டைப் போர்வை யோசனை. இரண்டும் ஒரே தலையில் நிற்கவில்லை. மேரி அக்காவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "முடிஞ்சா பின்பக்கத்த வந்து காட்டு," என்றார்.

செங்கல்பட்டுப் பெண்களே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: குறைந்த விலையில் கில்ட் மெஷின் கேட்டால், துணி கொண்டு வரச் சொல்லுங்கள். அதோடு, தைக்கப்போகிறவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். வாங்க வருகிறவரும் தைக்கிறவரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு விலைப் பலகைக்கு வாருங்கள்.

அந்தச் சின்ன எலக்ட்ரானிக் மெஷின் அஞ்சலை அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சும்மாதான் கிடந்தது. ஒருநாள் அதைத் தூக்கி நகர்த்தியபோது, எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தோன்றியது. துணி அசையாமல் விறைப்பாக நிற்கட்டும், இந்த மெஷின் அதன் மேல் ஓடட்டும். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே போர்வையைக் கட்டினால், தைத்த பகுதியை ஒரு குழாயில் சுருட்டிக்கொண்டே வரலாம். கழுத்துக்குள் எதையும் திணிக்க வேண்டாம். நகர்த்துவதற்கு, வீடுகளில் கண்ணாடி ஜன்னல் சறுக்கும் அலுமினியத் தடமும் அதன் சின்னச் சக்கரங்களும். கேளம்பாக்கத்தில் ஜன்னல் மாட்டுகிறவர்களிடம் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் நிறைய. பற்களை மூடி, பெடலை எடுத்துவிட்டு, மெஷினிலேயே இருக்கும் பொத்தானை அழுத்தித் தொடங்கலாம்.

ஒரு தடவை பார்த்தோம். மெஷின் அதிர்ந்து தடத்தை விட்டுக் குதித்தது. தனபால்தான் கை நீட்டிப் பிடித்தார். "மீன விட வழுக்குதுடா," என்றார். துணியும் நடுவில் தொய்ந்தது. வரும் ஞாயிறு, சக்கரத்துக்கு மேலே ஒரு கவசப் பட்டை வைத்துப் பார்க்கப் போகிறேன், குதிக்க முடியாதபடி. தொய்வை நான் பார்க்க வேண்டாம் என்று ஏகாம்பரம் அண்ணன் சொல்லிவிட்டார். போர்வையின் நான்கு ஓரத்தையும் வலை நூலால் குழாயில் அவரே முடிந்து தருவாராம். மெஷினைத் தள்ளப்போவது யார் என்பதில் மட்டும் அவருக்கும் அஞ்சலை அக்காவுக்கும் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.